விலா தெரிந்தால் பட்டினியா? – சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் பற்றி வாசகர் கேள்விகள்

எங்கள் சிப்பிப்பாறைக்கு ஒன்றரை வயது. வேளை தவறாமல் சாப்பிடுகிறது. ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. வருகிறவர்கள் எல்லாம் "சோறு போடுவதில்லையா?" என்று கேட்கிறார்கள். உடம்பு தேற என்ன கொடுக்கலாம்?
– வாசகி, விருதுநகர்

தேற்ற வேண்டாம். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவதும், இடுப்பெலும்பின் இரு முனைகள் துருத்தி நிற்பதும், வயிறு உள்ளே ஒட்டியிருப்பதும் இந்த நாயின் இயல்பான உடலமைப்பு. லாப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பட்டினியாகத் தெரியும். கண்ணால் இரையைக் கண்டு விரட்டிப் பிடிக்கும் நாய்களுக்கெல்லாம், அரேபியாவின் சலூக்கி, இங்கிலாந்தின் கிரேஹவுண்டு உட்பட, இதே வார்ப்புதான்: ஆழ்ந்த நெஞ்சுக்கூடு, பெரிய இதயம், கொழுப்பு குறைந்த உடல். முழு வேகத்தில் பாயும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழுகின்றன. உடல் வில்லாக மடங்கும்போது ஒருமுறை, முழுதாக நீண்டு விரியும்போது ஒருமுறை. இந்த மடக்கலுக்கும் நீட்டலுக்கும் கூடுதல் எடை பகை.

விலாவைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தொடையைப் பாருங்கள். பின்தொடையும் முதுகின் இருபக்கமும் சதைப்பிடிப்போடு கெட்டியாக இருந்து, ரோமம் மினுமினுத்தால் நாய் நன்றாக இருக்கிறது. முதுகெலும்புக் கணுக்கள் கழுத்திலிருந்து வால் வரை எண்ணும்படி தெரிகின்றனவா? தொடை வற்றிக் குழி விழுந்திருக்கிறதா? ரோமம் சொரசொரப்பாக நிற்கிறதா? இவை இருந்தால்தான் மெலிவு. அப்போதும் சோற்றைக் கூட்டுவது முதல் வேலை அல்ல. மலத்தைப் பரிசோதித்துக் குடற்புழு இருக்கிறதா பாருங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மாதம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். வளர்ந்த நாய் காரணமில்லாமல் ஒரு மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் இழந்தால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

கம்பங்கூழும் தயிர்ச்சோறும் போட்டே எங்கள் தாத்தா காலத்தில் வளர்த்தார்கள். இப்போது கறி வேண்டும், முட்டை வேண்டும் என்கிறார்கள். எது சரி? அளவு என்ன?
– வாசகர், கோவில்பட்டி

கூழ் குடித்து வளர்ந்த நாய் அதோடு நின்றுவிடவில்லை. காட்டில் எலி, ஓணான், முயல் என்று தானே தேடிக்கொண்டது. கூழ் அதற்குப் பாதிச் சாப்பாடுதான். கட்டிப்போட்டு வளர்க்கும் நாய்க்கு அந்த மீதிப் பாதி கிடைப்பதில்லை. கூழோடு நிறுத்தினால் தொடை வற்றும், குட்டிக்குக் கால் வளையும்.

18 கிலோ எடையுள்ள, தினமும் ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 கலோரி வேண்டும். வீட்டிலேயே சமைப்பதானால் 150 கிராம் அரிசி (வேகவைக்கும் முன் எடை), 250 கிராம் எலும்பு நீக்கிய கோழிக்கறி, 2 முட்டை, ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஒரு கைப்பிடி வெந்த பூசணி அல்லது கேரட். இதை இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். அரிசிக்குப் பதில் கம்பு, கேழ்வரகு போடலாம். நன்றாகக் குழைய வேக வேண்டும். வெங்காயம் கூடாது. குழம்பு ஊற்றிய சோற்றில் வெங்காயம் கரைந்திருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

இந்தச் சாப்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை கால்சியம். எலும்பில்லாத கறியில் அது மிகக் குறைவு. முட்டையோட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துத் தினம் அரைத் தேக்கரண்டி கலந்தால் சுமார் 1 கிராம் கால்சியம் கிடைக்கும். வளர்ந்த நாய்க்கு இது போதும். குட்டிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது: அதே கலோரிக்கு அதற்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கால்சியம் வேண்டும், பாஸ்பரஸும் கூடவே சரியான விகிதத்தில் சேர வேண்டும். கண்ணளவில் போட்டால் தவறிவிடும். அதனால் ஒரு வயது வரை குட்டிகளுக்கென்று தயாரித்த உலர் தீவனத்தைப் பாதியாவது கொடுங்கள். அதோடு கால்சியம் டானிக்கையும் தனியாக ஊற்றாதீர்கள். கூடினாலும் எலும்பு கெடும்.

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஓடவிடக் கூடாது. ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு பறைபோல உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் நுரை மட்டும் வந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாய் பிழைக்காது.

சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் என்ன வேறுபாடு?
– வாசகர், சங்கரன்கோவில்

நிறமும் அடையாளமும்தான் முதல் வேறுபாடு. கன்னி என்று சொல்லும்போது வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கருமேனியில் கண்ணுக்கு மேலும் முகவாயிலும் நெஞ்சிலும் கால்களிலும் செம்பழுப்புப் புள்ளிகள் உள்ள நாயைக் குறிக்கிறார்கள். வெளிர்நிறம் வந்தால் பால்கன்னி. சிப்பிப்பாறை பெரும்பாலும் ஒரே நிறமாக, செவலை, சாம்பல், கருமை என்று வரும். நெஞ்சிலும் பாதத்திலும் கொஞ்சம் வெள்ளை இருக்கலாம். உடலமைப்பும் குணமும் மிக நெருக்கமானவை. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயர். மணப்பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்ததாகச் சொல்வது வாய்வழி வழக்கு. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் தனித்தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது.

சங்க இலக்கியத்திலேயே சிப்பிப்பாறை வருகிறது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?
– ஆசிரியர் ஒருவர், மதுரை

நாய் வருகிறது, சிப்பிப்பாறை வரவில்லை. புறநானூற்றின் 33ஆம் பாட்டு "கானுறை வாழ்க்கைக் கதநாய் வேட்டுவன்" என்று தொடங்குகிறது. சினம் கொண்ட நாயுடைய வேட்டுவன் மான்தசையை வட்டியில் (ஓலைப் பெட்டியில்) கொண்டுவந்து கொட்டுகிறான். நாயைக் குறிக்கும் ஞமலி, ஞாளி என்ற சொற்களும் சங்கப் பாடல்களில் உண்டு. இந்த மண்ணில் நாயோடு வேட்டையாடும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதற்கு இவை சான்று. அந்த நாய் ஒல்லியா, தடிமனா, முகம் நீண்டதா என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. சொல்லாததை ஏற்றிப் பெருமைப்படத் தேவையில்லை.

இந்த நாய் ஏன் இங்கே உருவானது என்பதற்கு நிலமே சாட்சி. விருதுநகர், தூத்துக்குடி, தென்காசி, திருநெல்வேலிக் கரிசல்காட்டில் அறுப்பு முடிந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. மறைவு இல்லாத நிலத்தில் மோப்பம் பிடித்து மெல்ல நகரும் நாயைவிட, தொலைவில் அசையும் முயலைக் கண்டு அது பொந்தை எட்டும் முன் பிடிக்கும் நாய்தான் பயன்படும். நீண்ட முகமுள்ள நாய்களின் விழித்திரையில் பார்வை நரம்பணுக்கள் கிடைமட்டப் பட்டையாக அடர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தொடுவானம் முழுவதையும் ஒரே பார்வையில் அளக்க அது உதவுகிறது. பாலைவன அரேபியாவில் சலூக்கியும் தக்காணச் சமவெளியில் முதோல் நாயும் கரிசலில் சிப்பிப்பாறையும் ஒன்றுபோல இருப்பதில் வியப்பில்லை. அரபு வணிகரோடு வந்ததா, வடக்கேயிருந்து வந்ததா, இங்கேயே தேர்ந்தெடுத்து வளர்த்ததா என்று பலரும் பலவாறு சொல்வார்கள்; அதற்கு எழுத்துச் சான்று கேளுங்கள்.

அந்த வெட்டவெளியே இப்போது சீமைக்கருவேலம் மண்டி மறைந்துவருகிறது. கண்ணை நம்பி ஓடும் நாய்க்கு முள்ளடர்ந்த காடு கேடு என்பதை நாய் வளர்ப்பவர்கள் அறிவார்கள்.

என் கன்னிக்கு ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 58, தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1,60,000. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று மருந்து தொடங்கச் சொல்கிறார்கள். நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

இந்தக் கடிதத்தை முதலிலேயே போட்டிருக்கலாம். அத்தனை முக்கியம். ஆய்வகச் சீட்டில் "இயல்பு அளவு" என்று அச்சிட்டிருப்பது எல்லா நாய்களுக்கும் பொதுவான எண்: ஹீமட்டோகிரிட் ஏறத்தாழ 37 முதல் 55, தட்டணு 2 லட்சத்துக்கு மேல். கிரேஹவுண்டு போன்ற ஓட்டநாய்களில் சிவப்பணு இயல்பாகவே கூடுதல். ஹீமட்டோகிரிட் 60ஐத் தொடுவதும் உண்டு. தட்டணு இயல்பாகவே குறைவு. தைராய்டு ஹார்மோனான டி4 அளவு கிரேஹவுண்டிலும் சலூக்கியிலும் பொது அளவுக்குக் கீழே நிற்பது நன்கு பதிவானது. அதை நோயென்று எடுத்துக்கொண்டு ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரை கொடுக்கப்படும் நாய்கள் உண்டு. நம் நாட்டு ஓட்டநாய்களின் வார்ப்பும் அதுவே என்பதால் சீட்டைப் படிக்கும்போது இதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் நாள்பட்டால் சிவப்பணுவும் சேர்ந்து குறையும். உங்கள் நாய்க்கு அது உயர்ந்திருக்கிறது. காய்ச்சல், பசியின்மை, மூக்கில் ரத்தம், ஈறிலும் அடிவயிற்றிலும் செம்புள்ளிகள், மண்ணீரல் வீக்கம் இவை இருக்கின்றனவா என்று பார்த்து, உண்ணிக் காய்ச்சல் கிருமியான எர்லிக்கியாவுக்கான துரிதப் பரிசோதனையோ பிசிஆரோ செய்துவிட்டு முடிவெடுக்கலாம். உறுதியானால் டாக்சிசைக்ளின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 28 நாள். இடையில் துள்ளத் தொடங்கியதும் நிறுத்தினால் நோய் உள்ளேயே பதுங்கும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், சோற்றோடு கொடுங்கள்.

நாய் ஆரோக்கியமாக இருக்கும்போது ஒருமுறை ரத்தம் பார்த்து அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் நாயின் இயல்பு அளவு அதுதான். பின்னால் வரும் ஒவ்வொரு சீட்டையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

கருத்தடை அறுவை செய்யப்போகிறோம். ஒல்லி நாய்களுக்கு மயக்க மருந்து ஆகாது என்கிறார்களே?
– வாசகர், சிவகாசி

ஆகாதது எல்லா மயக்க மருந்தும் அல்ல. தயோபென்டோன் என்ற பழைய ஊசிதான் சிக்கல். மற்ற நாய்களில் அது மூளையிலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் பரவுவதால் நாய் விரைவில் விழிக்கும். ஓட்டநாய்க்குப் பரவக் கொழுப்பில்லை. கிரேஹவுண்டின் ஈரல் அதைச் சிதைப்பதும் மெதுவாகவே. விளைவு, பல மணி நேரம் எழாமல் கிடக்கும். புரோபோஃபால் ஊசியும் ஐசோஃபுளூரேன் வாயுவும் கிடைக்கிற இடத்தில் செய்துகொள்ளுங்கள். அன்று காலை எடை போட்டே மருந்தளவு கணக்கிட வேண்டும். "இருபது கிலோ இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள்.

மயக்கத்தில் இந்த நாய் சட்டென்று குளிர்ந்துபோகும். கம்பளியும், துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலும் கொண்டுபோங்கள். கிரேஹவுண்டுகளில் அறுவை முடிந்து ஒன்றரை, இரண்டு நாள் கழித்துத் தையலைச் சுற்றி ரத்தம் கசிவதும் அடிவயிறு நீலம் பாரிப்பதும் அறிந்த சிக்கல். அதனால் மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் தையலைப் பாருங்கள். வலிக்கு வீட்டிலுள்ள டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. இரைப்பையில் புண்ணாகி ரத்தம் போகும், சிறுநீரகம் கெடும்.

வீட்டில் கூப்பிட்டால் வருகிறது. வெளியே கோழியையோ பூனையையோ கண்டுவிட்டால் எவ்வளவு கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடித்தும் பார்த்தாயிற்று.
– வாசகர், ராமநாதபுரம்

அடியை இன்றோடு நிறுத்துங்கள். ஓடிக் களைத்துத் திரும்பிவந்த நாயை அடித்தால், அது கற்றுக்கொள்வது "கோழியைத் துரத்தக் கூடாது" என்பதை அல்ல, "இவரிடம் திரும்பிப் போகக் கூடாது" என்பதை. இந்த இனம் மனம் சுருங்கக்கூடியது. ஒரு முறை நம்பிக்கை போனால் மீட்க மாதங்கள் ஆகும்.

ஓட்டம் தொடங்கிய பிறகு இந்த நாய்க்குக் காது கேட்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கவனம் முழுதும் கண்ணில் குவிந்திருக்கிறது. ஆகவே பயிற்சியையும் கண் வழியே கொடுக்க வேண்டும். முதல் பத்து நாள் வீட்டுக்குள்: பெயரைச் சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் அகல விரித்துத் தூக்குங்கள், வந்ததும் கட்டைவிரல் நகமளவு வேகவைத்த ஈரல். ஒரு நாளைக்கு 10 முறை போதும். அடுத்து முற்றம், அதற்கடுத்து மதில் சூழ்ந்த வெளி. வரத் தயங்கினால் அதன் பக்கம் போகாதீர்கள், எதிர்ப்பக்கமாக ஓடுங்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் உள்ளது, உங்களையும் துரத்தி வரும்.

வெளியே பழக்கும்போது 10 மீட்டர் கயிறு. அதைக் கழுத்தில் கட்டாதீர்கள், மார்புப் பட்டையில் கட்டுங்கள். நான்கைந்து பாய்ச்சலில் முழு வேகம் எடுத்துவிடும். கயிறு முடியும் இடத்தில் கழுத்து வெட்டி இழுபட்டால் முதுகுத்தண்டே சேதமாகலாம்.

இவ்வளவும் செய்தாலும் கோழிக்கு முன்னால் நூற்றுக்கு நூறு நம்ப முடியாது. சாலையோரம் பட்டையைக் கழற்றி விடவே கூடாது. ஓட்ட ஆசையைத் தீர்க்க ஆறடி மதில் உள்ள இடம் தேடுங்கள். நீண்ட கம்பின் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் துணிமுடிச்சு; அதைத் தரையோடு சுழற்றினால் இரண்டு மூன்று பாய்ச்சலோட்டத்தில் நாய் நிறைந்துபோகும். பைக்கில் கட்டி இழுத்து ஓட்டுவது கொடுமை. இது குறுந்தொலைவு ஓட்டக்காரன். சீரான நெடுந்தூரம் தார்ச்சாலையில் ஓடினால் பாதம் உரிந்து, மூட்டு கெடும். 15 மாதம் வரை எலும்பு நுனிகள் முற்றாத குட்டியை வற்புறுத்தி ஓட்டவே கூடாது.

வெயில் ஏறும் முன் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். ஓடியபின் தள்ளாடினால், நாக்கு அடர்சிவப்பாகி எச்சில் பிசுபிசுத்தால், உடனே நிழல், உடல் முழுக்கக் குழாய்த் தண்ணீர், விசிறிக் காற்று. ஆசனவாயில் வைத்த வெப்பமானி 39.5 டிகிரி காட்டியதும் நனைப்பதை நிறுத்துங்கள். பிறகு மருத்துவர்.

கழுத்துப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் உருவிக்கொண்டு ஓடிவிடுகிறது.
– வாசகி, தேனி

தலையைவிடக் கழுத்து பருத்த நாய் இது. சாதாரணப் பட்டை நிற்காது. 4 சென்டிமீட்டர் அகலமுள்ள, இழுத்தால் மட்டும் ஓரளவு சுருங்கும் இரட்டை வளையப் பட்டை வாங்கி, காதுக்குப் பின்னால் கழுத்தின் மேற்பகுதியில் மாட்டுங்கள். முழுதாகச் சுருங்கிய நிலையில் அது காதைத் தாண்டக் கூடாது. இரண்டு விரல் நுழைய வேண்டும். மெல்லிய சங்கிலி தோலை அறுக்கும்.

முள்ளில் மாட்டித் தொடைத் தோல் கிழிந்து தொங்கியது. மஞ்சள் வைத்துக் கட்டினோம், சீழ் பிடித்துவிட்டது.
– வாசகர், கழுகுமலை

தோல் காகிதம்போல, அடியில் கொழுப்பில்லை, ரோமமும் குட்டை. அதனால் மற்ற நாய்க்குக் கீறலாக முடிவது இதற்குக் கிழிசலாகிறது. மஞ்சள், சுண்ணாம்பு, டீசல் எதையும் அப்பாதீர்கள். தைக்கும் முன் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் சதையும் போகும். சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் முக்கால் தேக்கரண்டி தூளுப்பு கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். தொங்கும் தோலை வெட்டாமல் இருந்த இடத்தில் படியவைத்து, ஈரத்துணி மூடி, ஆறு மணி நேரத்துக்குள் தையலுக்குக் கொண்டுபோங்கள். உங்கள் நாய்க்குச் சீழ் பிடித்துவிட்டதால் இனி மூடித் தைக்க முடியாமல் போகலாம். சுத்தம் செய்து திறந்தே ஆறவிட மருத்துவர் சொன்னால் பயப்பட வேண்டாம்.

கடினத் தரையில் படுப்பதால் முழங்கையில் நீர்க்கட்டி வருவதும் இதே காரணத்தால்தான். நான்காக மடித்த சாக்கின் மேல் பழைய மெத்தைத் துண்டு போடுங்கள்.

உண்ணி மருந்து போட்டும் பத்தே நாளில் மறுபடி வந்துவிடுகிறது.
– வாசகர், சாத்தூர்

மருந்து நாய் மேல் மட்டும் விழுகிறது, உண்ணியோ சுவரில் இருக்கிறது. ரத்தம் குடித்ததும் நாயை விட்டு இறங்கி, விரிசலில் தோலுரித்து, மீண்டும் ஏறுவது அதன் வாழ்க்கை முறை. பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கொட்டிலின் விரிசல்களைச் சிமெண்டால் அடையுங்கள், சாக்கைக் கொதிநீரில் போடுங்கள், நாய்க்கு ஃபுளூராலானர் மாத்திரை கொடுங்கள். ஒன்று 12 வாரம் காக்கும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைத் தோராயமாகப் போடுகிறவர்கள் உண்டு. ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும் மருந்து அது. அளவு பிசகினால் நாய்க்கு நடுக்கமும் குருடும் வரலாம்.

முயல் வேட்டைக்குப் பழக்குவது எப்படி?
– வாசகர் (ஊர் குறிப்பிடவில்லை)

பழக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல் வேட்டை குற்றம். நாயை ஏவினாலும் வேட்டைதான். நாயின் ஓட்டத்தைக் காக்கத் துணிமுடிச்சு போதும், மேலே சொல்லியிருக்கிறோம்.

சென்னையில் அடுக்ககத்தில் வளர்க்கலாமா? குட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, சென்னை

வளர்க்கலாம். வீட்டுக்குள் இது அமைதியான நாய். நாளில் பெரும்பகுதி தூங்கும், வீணாகக் குரைக்காது, வீட்டாரில் ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும், புதியவர்களிடம் ஒதுங்கும். காலையும் மாலையும் அரைமணி நடை, வாரம் மூன்று முறை மதிலுள்ள இடத்தில் பாய்ச்சல். இது முடியாதென்றால் வேண்டாம். மாடிக் கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள், புறாவைக் கண்டால் தலையை நுழைக்கும்.

8 வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்பதை 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடை செய்கின்றன. ஐந்து வாரக் குட்டியை "இப்போதே எடுத்தால்தான் ஒட்டும்" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருந்து கடியின் அளவைக் கற்கும் காலம் அது. தாயை நேரில் பாருங்கள். தாய் வெருண்டு மூலையில் ஒடுங்கினால் குட்டியும் அப்படி வர வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு வந்ததிலிருந்து 14 வார வயது வரை குக்கர் விசில், லிஃப்ட், குழந்தைகள், தலைக்கவசம் போட்டவர், குடை பிடித்தவர் எல்லாவற்றையும் தூக்கிவைத்தபடியே மெல்லக் காட்டுங்கள். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை. மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. குடற்புழு மருந்து இரண்டாவது வாரத்தில் தொடங்கி இரு வாரத்துக்கு ஒருமுறை 12 வாரம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதந்தோறும்.

ராஜபாளையம் குட்டி கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்றபடி சுறுசுறுப்பு. பிடிவாதமா?
– வாசகர், மதுரை

செவிடாக இருக்கலாம். ராஜபாளையம் போன்ற முழு வெள்ளை நாய்களில் உட்காதிலும் நிறமி அணுக்கள் இல்லாமல் போகும்போது, பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் அணுக்கள் அழிந்துவிடும். குட்டி தூங்கும்போது, காற்றோ தரை அதிர்வோ படாத தூரத்தில், பின்னாலிருந்து ஒரு தட்டைத் தட்டுங்கள். மூன்று வெவ்வேறு நாள் செய்து பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் நாய் இதில் தேறிவிடும், ஆனால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தடுமாறும்; அதை மூளைத்தண்டு ஒலிப் பரிசோதனைதான் காட்டும். முழுச் செவிடாக இருந்தாலும் கைச் சைகையில் நன்றாகப் பழகும். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், தரையைத் தட்டி எழுப்புங்கள். இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடாதீர்கள், ஒரு காது கேட்காததையும்.